கயிறு எந்தப் பக்கம்

ஜன்னலுக்குத் திரையும் பிளைண்டும் பூட்டுவதைக் கற்றுக்கொள்ளக் கடைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரும்படி முதலாளியின் மகன் கேட்டிருக்கிறார். பிராக்கெட் எப்படிப் பூட்டுவது, மட்டம் எப்படிப் பார்ப்பது, கொங்கிரீட்டை எப்படித் துளைப்பது, பலகையை எப்படித் துளைப்பது. அதையெல்லாம் நான் எழுதமாட்டேன். இரண்டு கிழமையில் கைக்கு வந்துவிடும் விஷயங்கள் அவை. வராவிட்டால் வேறு தொழில் பாருங்கள், கோபிக்காதீர்கள்.

நான் எழுதப்போவது ஒரு கயிற்றைப் பற்றி. வெள்ளை நைலோன் கயிறு. ஆலங்குடாவில் ஒரு வீட்டு ஜன்னலில் நான் கட்டியது. கோபத்தோடுதான் எழுதுவேன். தோள்பட்டை இனி உயரமாட்டேன் என்று அடம்பிடித்ததால் ஏணியை விட்டு இறங்கி மூன்று வருஷம் ஆகிறது. என் கோபம் இன்னும் இறங்கவில்லை. அது அந்த ஏணியின் மேல்படியில், வாயில் ஸ்குரூ ஆணியைக் கவ்விக்கொண்டு நிற்கிறது.

முதலில் துணியைப் பற்றிக் கொஞ்சம்.

துணி என்றால் லேசான பொருள் என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். நான் அப்படி வரவில்லை. சண்டைக் காலத்தில், மன்னாரில் இருந்து முஸ்லிம்களாகிய எங்களை ஊரை விட்டுப் போகச் சொன்னபோது எனக்குப் பதினேழு வயது. கற்பிட்டிப் பக்கம் ஒரு முகாமில் வந்து விழுந்தோம். கூரை தென்னங்கிடுகு, தரை மணல், எங்களுக்கும் பக்கத்துக் குடும்பத்துக்கும் நடுவே உம்மாவின் சேலை ஒன்று. அந்தச் சேலைதான் சுவர். காற்றடித்தால் சுவர் மூச்சு விடும். விளக்கு வைத்தால் சுவரில் அடுத்த வீட்டின் நிழல் சோறு தின்னும். அந்தச் சுவருக்கு ஒரு சட்டம் இருந்தது. யாரும் எழுதிவைக்காத சட்டம், ஆனால் சின்னப் பிள்ளைகூட மீறாதது. சேலைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்தான் சேலையை விலக்கலாம். அந்தப் பக்கம் நிற்கிறவர் இருமவேண்டும். இருமிவிட்டு, காத்து நிற்கவேண்டும்.

இதைப் படித்தவன் நான். வெறுமே படித்ததில்லை, வருஷக் கணக்காக அதற்குள் படுத்து எழும்பியவன். அப்படிப்பட்ட நான்தான் அந்தக் கயிற்றைக் கட்டினேன். என் கோபம் எங்கே தொடங்குகிறது என்று இப்போது விளங்கும்.

எனக்கு இந்த வேலையைக் காட்டித் தந்தவர் சிலாபத்து ஆள். என்னைவிடப் பத்து வயது இளையவர். பாதிச் சிங்களம், பாதித் தமிழ், வாய் நிறைய வெற்றிலை. ஒரு வீட்டுக்குள் போனால் எடுத்த எடுப்பில் டேப்பை இழுக்கமாட்டார். ஜன்னலுக்கு எதிரே என்ன கிடக்கிறதோ, கட்டிலோ, கதிரையோ, தையல் மெசினோ, அதில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே பார்ப்பார். பிறகு எழும்பி வந்து கேட்பார்: "இந்த ஜன்னல் யாருடைய?"

"வீட்டுக்காரருடைய. பின்ன ஆருடைய?" என்று நான் ஒரு நாள் பகிடி பண்ணினேன்.

"பில் கட்டுற ஆளை நான் கேக்கல்ல மச்சான்," என்றார். "இதில இருந்து வெளிய பாக்கிற ஆள் யாரு? அந்த ஆளைக் கூப்பிடு."

சிலாபத்தில் ஒரு மாடிவீட்டில் குசினி ஜன்னலுக்கு அவர் கூப்பிட்டது வீட்டுக்கார நோனாவை இல்லை, சமைக்க வருகிற அக்காவை. "உங்களுக்கு எந்தக் கை வசதி? அடுப்படியில நிக்கும்போது கண்ணில வெயில் படுதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நோனாவின் முகம் சட்டியின் அடிப்பக்கம் மாதிரிக் கறுத்தது. அந்த அக்கா சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றா. அந்த வீட்டில் அவவிடம் யாரும் எதையும் கேட்டதில்லை போல. வெளியே வந்ததும் கூட வேலைக்கு வந்தவர்களும் நானும் அவரை நன்றாகக் கிண்டலடித்தோம். நேரத்தைத் தின்கிற பழக்கம் என்றுதான் நான் நினைத்தேன். பிறகு அவர் இத்தாலிக்குப் போய்விட்டார். பழக்கத்தையும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு போய்விட்டார். நான் சந்தோஷமாக டேப்பை நேரே இழுக்கத் தொடங்கினேன்.

சண்டை முடிந்து, வெள்ளைக்காரர் வரத் தொடங்கிய காலம் அது. ஆலங்குடாக் கடற்கரையில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு பலகையில் அலைக்கு மேலே பாய்கிறவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு ஹோட்டல் வந்தது. ஹோட்டலுக்கு ஜன்னல் வந்தது. ஜன்னலுக்கு நாங்கள் வந்தோம். பட்டக்காரர் தேடி வருகிற அதே கச்சான்காற்றுத்தான் எங்கள் எதிரி. தென்மேற்கில் இருந்து மாதக்கணக்காக அடிக்கும். ஒரு ஹோட்டலில் நான் போட்ட ஆறு துணிப் பிளைண்ட்களையும் ஒரே பகலில் நூல்நூலாக உரித்துத் தென்னைமரத்தில் தொங்கவிட்டது. ஹோட்டல் முதலாளி அதைக் காட்டி, "இது என்ன, வெசாக் அலங்காரமா?" என்று கேட்டான். அவமானமாகப் போய்விட்டது.

பதினைந்து நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். தடித்த கன்வஸ் துணி. ஜன்னலுக்கு வெளியே பூட்டுவது. இரண்டு பக்கமும் உருக்குக் கம்பி. துணி அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறும், இறங்கும். அடிச்சட்டத்தில் இரண்டு கொக்கி, ஜன்னல் நிலையோடு மாட்டிவிட்டால் யானை இழுத்தாலும் வராது. தூக்குகிற கயிறும் வெளியே, சுவரில் ஓர் ஆப்பில் சுற்றிக் கட்டுவது. காற்று எழும்பினால் ஹோட்டல் வேலையாள் வெளியே ஓடி வந்து வரிசையாகப் பத்து ஜன்னலையும் இறக்கிவிடலாம். அறைக் கதவைத் தட்டத் தேவையில்லை. முதலாளி என் முதுகில் தட்டினான். கச்சானைக் கட்டிப்போட்ட ஆள் என்று அந்தக் கரையெல்லாம் என் பேர் பரவியது. அந்தப் பேரை நான் சட்டையில் குத்திக்கொள்ளாத குறை.

அந்தப் பேரைக் கேட்டுத்தான் ஹாஜியார் வந்தார். பெயர் வேண்டாம். அவரை நான் இங்கே ஹாஜியார் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

"பாஸ், நீங்க எங்கட ஆள் எண்டு கேள்விப்பட்டன்," என்றார். "நன்மையான வேலை ஒண்டு இரிக்கு. தம்பி மவுத்தாகி ரெண்டு கிழமை. அவர்ட பொஞ்சாதி இத்தாவில இரிக்கிறா. அவட அறை ஜன்னல் காணிப் பக்கம். காணிக்குள்ள வேலைக்கு ஆக்கள் வருவாங்க, போவாங்க. உள்ள தொங்குற சீலை இந்தக் காத்துக்கு நிக்குதில்ல. நல்ல மறைப்பு ஒண்டு போட்டுத் தரணும்."

இத்தா என்றால் என்ன என்று தெரியாத பிள்ளைகளும் உங்களில் இருக்கிறீர்கள். கணவன் இறந்தால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பா. அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டா. அது அவவின் துக்கத்துக்கும் அவவின் மார்க்கத்துக்கும் உரிய காலம். அதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், என் கோபத்தைக் கொண்டுபோய் வேறு வாசலில் இறக்கிவிடாதீர்கள்.

அடுத்த நாள் காலை போனேன். தென்னங்காணிக்குள் சின்ன வீடு. முன்வாசல் பாதையைப் பார்த்தது. அந்த ஜன்னல் மட்டும் பின்பக்கம், காணியைப் பார்த்தது. ஜன்னலில் இருந்து கிணறு, கிணற்றைத் தாண்டித் தென்னை, தென்னையைத் தாண்டிப் பழைய வேலி, வேலிக்கு அப்பால் கடலின் சத்தம். அறைக்குள் போக முடியாது. போக நினைக்கவும் இல்லை. வெளியில் நின்றே அளந்தேன். ஜன்னல் பலகை பாதி சாத்தியிருந்தது. கண்ணை மணலில் வைத்துக்கொண்டு, கையை மட்டும் மேலே நீட்டி டேப்பைப் பிடித்தேன். அளவை வாசிக்கும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எவ்வளவு ஒழுக்கமானவன் பார் என்று எனக்கு நானே என்னைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"நானா," என்று, அண்ணனை அழைக்கிற எங்கள் முறைப்படி, உள்ளே இருந்து ஒரு குரல் கூப்பிட்டது. அழுத குரல் இல்லை. கடையில் சாமான் வாங்கும்போது பேசுகிற மாதிரித் தெளிவான குரல். "மறைப்பைத் தூக்குற கயிறு உள்ளுக்கு வருமா?"

நான் பதில் சொல்லவில்லை. கேட்காதவன் மாதிரி இரண்டடி தள்ளி நின்றேன்.

"நானா, உங்களைத்தான். கயிறு உள்ளுக்கா, வெளியிலயா?"

இத்தாவில் இருக்கிறவவிடம் மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்று தேவையான ஒரு சொல் பேசுவதில் குற்றம் ஏதும் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டேன். ஏனென்றால் வேலை தந்தவர் பத்தடி தூரத்தில் தென்னையடியில் நின்றார். பதிலை அவருக்குச் சொன்னேன்.

"கயிறு எந்தப் பக்கம் எண்டு கேக்கிறா, ஹாஜியார்."

"வெளியில போடுங்க. காத்தடிச்சா பொம்புளையால இழுக்க ஏலுமா? நாங்க பாத்துக்குவம்." பிறகு ஜன்னலைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "புள்ள, நீங்க ஒண்டும் யோசிக்காதீங்க. எல்லாம் உங்கட நல்லதுக்குத்தான்!"

மூன்றாவது தடவை அந்தக் கேள்வி வரவில்லை.

இங்கே நில்லுங்கள். இந்த இடத்தில்தான் நான் உங்களை நிறுத்தவேண்டும், காதைப் பிடித்து நிறுத்தவேண்டும். ஒருவர் ஒன்றை இரண்டு தடவை கேட்டுவிட்டு மூன்றாம் தடவை கேட்காமல் விட்டால், அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நீங்கள் யாருடைய ஆள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான். கண்ணைத் தாழ்த்துங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காதை ஏன் தாழ்த்துகிறீர்கள்?

வேலையை நன்றாகச் செய்தேன். அதுதான் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது. கம்பி வீணை நரம்பு மாதிரி இழுத்து நின்றது. கொக்கி இரண்டும் நிலையோடு கச்சிதமாக மாட்டிக்கொண்டன. கயிற்றை ஆப்பில் சுற்றிக் கட்டினேன். ஒரு ஊசி வெளிச்சம் உள்ளே போகாது என்று ஹாஜியாரிடம் பெருமையாகச் சொன்னேன். திரும்பும்போது தென்னையடியில் புதுக் கொங்கிரீட் தூண்கள் அடுக்கிக் கிடந்ததைக் கண்டேன்.

"வேலி மாத்துறீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம், பழசு உக்கிட்டு," என்றார்.

உக்கிய வேலிக்கு இவ்வளவு தூண் எதற்கு என்று யோசிக்கத் தெரியாதவனா நான்? நிலை ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற கண். அன்றைக்கு அந்தக் கண், தான் போட்ட பிளைண்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டு மாதம் போயிருக்கும். பக்கத்து ஹோட்டலில் கம்பி ஒன்று துருப்பிடித்து அறுந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். மாற்றிக் கொடுத்துவிட்டு, ஏணியை மோட்டார்சைக்கிளோடு கட்டிக்கொண்டு திரும்பி வரும்போது, போட்ட வேலை எப்படி இருக்கிறது என்று பார்ப்போமே என்று அந்தக் காணிப் பக்கம் திருப்பினேன். பெருமைக்காரனுக்கு அதுவும் ஒரு நோய்.

காணியைக் காணவில்லை.

சரியாகச் சொல்கிறேன். வீடு இருந்தது, ஜன்னல் இருந்தது, என் கன்வஸ் துணி வெயிலில் வெளுத்து அப்படியே இறங்கிக் கிடந்தது. ஜன்னலில் இருந்து பத்தடியில் புதுத் தூண்கள் நின்றன. முள்ளுக்கம்பி நாலு வரி. கிணறு அந்தப் பக்கம் போயிருந்தது. தென்னை நின்ற இடமெல்லாம் அடிக்கட்டை. கட்டைகளுக்கு நடுவே கடல்வரைக்கும் மண் கொட்டி மட்டப்படுத்திய பாதை. ஹோட்டல்காரருக்குக் கடலுக்கு இறங்கப் பாதை இல்லை என்று நான் எத்தனை நாள் அவர்களின் தேநீரைக் குடித்துக்கொண்டு கேட்டிருப்பேன்!

மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு ஜன்னலடிக்குப் போனேன். இருமினேன். இருமிவிட்டு, காத்து நின்றேன்.

"ஆரு அது?"

"பிளைண்ட் போட்ட ஆள், தங்கச்சி."

"ஓ, உங்களுக்கு வாய் இரிக்கா?" என்றா.

நின்ற இடத்தில் புதைந்துபோனேன்.

"வேலி எங்க இரிக்கு, சொல்லுங்க."

"தங்கச்சி, நான் வந்து..."

"தங்கச்சி தங்கச்சி எண்டு இழுக்காதீங்க. வேலி எங்க இரிக்கு?"

"ஜன்னலில இருந்து பத்தடி."

"கிணறு?"

"அந்தப் பக்கம்."

துணிக்குப் பின்னால் மூச்சு ஒன்று உள்ளே போனது. வெளியே வர நேரம் எடுத்தது.

"பதினொரு மரம் விழுந்தது நானா. ஒவ்வொண்டா எண்ணிக்கிட்டுத்தான் இரிந்தன். கச்சானுக்கு விழுந்தது எண்டு மதினி சொல்றா. கச்சான் என்ன, கோடாலி கொண்டா வாறது?"

மதினி என்றது ஹாஜியாரின் மனைவியை. துணைக்கு இருக்கிறேன் என்று அந்த வீட்டில் வந்து தங்கியிருந்தவ. காணி ஹாஜியாருடையதும் இல்லை, மவுத்தான தம்பியுடையதும் இல்லை. இவவின் வாப்பா இவவுக்குச் சீதனமாகக் கொடுத்தது. உறுதிப் பத்திரம் இவவின் பேரில், அறைக்குள் அலுமாரியில் கிடக்கிறது. இத்தா முடிந்து இவ வெளியே வரும்போது வேலி பழசாகியிருக்கும், பாதையில் ஹோட்டல் வாகனம் ஓடியிருக்கும். பிறகு ஒரு பெண் தனியே நின்று எந்த வாசலில் எத்தனை வருஷம் வழக்குப் பேசுவது? அதுதான் கணக்கு.

"சொந்தக்காரருக்குச் சொல்லல்லயா?" என்று கேட்டேன்.

"கனமூலை ஊரில என்ட கூடப்பிறந்த லாத்தா இரிக்கிறா. போன்ல சொன்னன், வந்தா. முன்வாசலால வந்து முன்வாசலால போனா. பாவம், மனசு குழம்பி அவக்கு இல்லாத சத்தமெல்லாம் கேக்குது எண்டு மதினி தேத்தண்ணியும் குடுத்து அனுப்பிட்டா. கண்ணால காணாத ஒண்டுக்கு நான் எப்படி நானா சாட்சி சொல்ற?" குரல் கூர்மையானது. "கத்தரிக்கோலால கிழிச்சிருக்கலாமே எண்டு நினைக்கிறீங்க, என்ன? கிழிக்கத் தெரியாமயா இரிக்கிறன்! கிழிச்சா, புருசன் மவுத்தாகி மண் காயல்ல, இத்தாவை முறிச்சவள் எண்டு பேர் வைப்பாங்க. அதுக்குத்தான் பாத்துக்கிட்டு இரிக்காங்க. பிறகு வேலியைப் பத்தி நான் என்ன சொன்னாலும் ஆரு கேப்பா?"

எனக்குள் என்ன நடந்தது என்று எழுத வராது. ஒரு பெண்ணின் காணியைக் கொள்ளையடிக்க ஒருவன் தூண் கொண்டுவந்தான், ஒருவன் கோடாலி கொண்டுவந்தான். இருட்டைக் கொண்டுவந்து கொடுத்தவன் நான். அதையும் மட்டம் பார்த்து, கம்பி இழுத்து, அழகாகப் பூட்டிக் கொடுத்தவன்.

அந்த நேரம் பார்த்து ஹாஜியார் வந்தார். பின்னால் இரண்டு கூலிக்காரர், தோளில் கம்பிச்சுருள்.

"என்ன பாஸ், இத்தாவில இரிக்கிற பொம்புளையோட என்ன கதை? வெக்கமில்லயா?"

"வேலை பாக்க வந்தன்."

"வேலை எப்பவோ முடிஞ்சிட்டு. போங்க." நான் அசையாமல் நிற்பதைக் கண்டு பக்கத்தில் வந்தார். "அகதியா வந்து நிண்டப்ப உங்களுக்கெல்லாம் இடம் தந்த மண் இது. இப்ப எங்கட காணிக் கதைக்குள்ள தலைபோட வாறீங்களா?"

அந்தச் சொல் எனக்குப் புதிதில்லை. வருஷக்கணக்காக முதுகில் சுமந்த சொல். வழக்கமாக அதைக் கேட்டால் தலை தானாகக் குனியும். அன்றைக்கு ஏனோ குனியவில்லை. வேலியைப் பறிகொடுக்கிறது என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லையே.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, நெருக்கடி என்றால் இதுதான். கோபம் தலைக்கேறி நிற்கிறது, கையில் ஆயுதம் இருக்கிறது. இடுப்பில் வெட்டுக்கத்தி. ஒரு இழுவையில் அந்தத் துணியைக் கிழித்து எறிந்திருக்கலாம். பெரிய வீரன் மாதிரி இருந்திருக்கும். ஆனால் கிழித்தால் உள்ளே இருப்பவ நாலு ஆண்களின் முன்னால் நிற்பா. ஹாஜியாருக்கு அதைவிட வசதி வேறு இல்லை. அந்நியனைக் கூப்பிட்டு மறைப்பைக் கழற்றினாள் என்று சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் சொல்லியிருப்பார். முதல் தடவை அவரைக் கேட்டு அவவுக்கு வேலை செய்தேன். இந்தத் தடவை என் கோபத்தைக் கேட்டு அவவுக்கு வேலை செய்யப் பார்த்தேன். இரண்டும் ஒரே பிழை.

அப்போதுதான் அந்தச் சிலாபத்து ஆள் எங்கேயோ இருந்து வெற்றிலை வாயோடு என் நினைவுக்குள் வந்தார்.

"தங்கச்சி," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "இது உங்கட ஜன்னல். என்ன செய்யட்டும்?"

பதில் உடனே வந்தது. இரண்டு மாதமாகத் தயாராக இருந்த பதில்.

"மறைப்பு இரிக்கட்டும். கயிறு உள்ளுக்கு வரட்டும்."

ஏணியை அவிழ்த்துச் சுவரில் சாத்தினேன். ஹாஜியார் வந்து அடிப்படியில் காலை வைத்தார்.

"இறங்கு," என்றார். பாஸும் போய்விட்டது, மரியாதையும் போய்விட்டது.

"நான் போட்ட வேலை, ஹாஜியார். பிழையாப் போட்டிட்டன். திருத்திட்டுப் போறன்."

"இறங்கெண்டு சொல்றன்!"

"மச்சான்," என்றது துணிக்குப் பின்னால் குரல். கணவனின் அண்ணனை அழைக்கிற முறையில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. "மறைப்பு வேணும் எண்டு நீங்கதானே சொன்ன. மறைப்பு இரிக்கு. நான் வெளிய வரல்ல. ஒருத்தருக்கும் முகம் காட்டல்ல. கயிறு உள்ள இரிந்தா எந்தக் கிதாபில குத்தம், சொல்லுங்க? மார்க்கம் தெரிஞ்ச ஆலிம் ஒராளைக் கூட்டி வாங்க, நான் இங்கயே நிக்கிறன், கேப்பம்."

ஹாஜியார் திரும்பி வேலியைப் பார்த்தார். ஆலிமைக் கூட்டி வந்தால் ஆலிமுக்கும் கண் இருக்குமே, வேலி அவரின் கண்ணிலும் படுமே!

கூலிக்காரரில் வயதானவர் கம்பிச்சுருளைக் கீழே போட்டார். வந்து ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஏறுங்க, மணல், சறுக்கும்," என்றார் என்னிடம். பிறகு யாரையும் பார்க்காமல், "அவங்கட மரம் எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்ல," என்றார். ஹாஜியாரின் கால் படியை விட்டு இறங்கியது.

அடிச்சட்டத்தின் இரண்டு கொக்கியையும் கழற்றி மணலில் எறிந்தேன். நிலையின் மேல்மூலையில் துளை போட்டேன். முதிரைப் பலகை, லேசில் விடாது. மரத்தூள் கண்ணில் விழுந்தது, துடைக்கவில்லை. ஆப்பில் இருந்து கயிற்றை அவிழ்த்து, அதன் நுனியைத் தீக்குச்சியால் உருக்கிக் கூராக்கி, துளைக்குள் நுழைத்தேன். உள்ளே போன நுனி அந்தரத்தில் ஆடுவது என் விரலுக்குத் தெரிந்தது. பிறகு அது ஆடவில்லை. மறுபக்கம் ஒரு கை பிடித்துவிட்டது. மெல்ல ஒரு இழுவை. கயிறு என் விரல்களுக்குள்ளால் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

"அந்த ஆக்களைக் கொஞ்சம் அங்கால பாக்கச் சொல்லுங்க," என்றா.

சொன்னேன். கூலிக்காரர் இருவரும் உடனே திரும்பிக்கொண்டார்கள். நான் ஏணியிலேயே முதுகைக் காட்டித் திரும்பினேன். ஹாஜியாருக்கும் வேறு வழி இல்லை. மறைப்பு மறைப்பு என்று வந்தவர், அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அவரும் திரும்பினார். நாலு ஆண்கள் கடலைப் பார்த்து நின்றோம். எங்களுக்கும் கடலுக்கும் நடுவே அந்தப் பாதை, பதினொரு அடிக்கட்டை, முள்ளுக்கம்பி. நாங்கள் செய்துவைத்ததையெல்லாம் எங்களையே பார்க்கவைத்துவிட்டு, பின்னால் என் துணி கம்பியில் உரசிக்கொண்டு ஏறுகிற சத்தம். ஒரு சாண். இன்னொரு சாண். நின்றது.

அவ அழவில்லை. அழுவா என்று நான் எதிர்பார்த்தேன், அதுவும் என் முட்டாள்தனம். போனில் எண் அழுத்துகிற சத்தம் கேட்டது.

"லாத்தா, நான் இப்ப கண்ணால பாத்துக்கிட்டு நிக்கிறன். எழுதிக்கங்க. கிணறு வேலிக்கு அங்கால. புதுத் தூண் எத்தனை... ஒண்டு, ரெண்டு, மூண்டு..." பத்தொன்பது வரைக்கும் எண்ணினா. ஒவ்வொரு எண்ணுக்கும் ஹாஜியாரின் கழுத்து சட்டைக் கொலருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை நான் கடைக்கண்ணால் பார்த்தேன். பார்த்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். லாத்தாவும் அவவின் கணவரும் கனமூலையில் இருந்து நாலு பேரும் அன்றைக்கே வந்தார்கள். இந்தத் தடவை பின்பக்கத்தால் வந்தார்கள். அவ உள்ளே இருந்தபடியே உறுதியை எடுத்து லாத்தாவின் கையில் கொடுத்தா. பிறகு பள்ளிவாசலில் பேச்சு, நில அளவைக்காரர், இழுபறி. இத்தா முடிகிற நாளுக்கு முன்னமே தூண்கள் பழைய இடத்துக்குப் போய்விட்டன. கிணறு திரும்பி வந்தது. பதினொரு தென்னையும் வரவில்லை. அடிக்கட்டைகள் இன்னும் அங்கேதான், போனால் காட்டுவேன். அந்தக் கரையில் இரண்டு ஹோட்டல் என்னைக் கூப்பிடுவதை நிறுத்தின. நிறுத்தட்டும்.

இதைக் கேட்கிறவர்கள் என்னை நல்லவனாக்கப் பார்க்கிறார்கள். நீ திருத்தினாயே என்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. இரண்டு மாதம் ஒரு பெண் இருட்டில் இருந்து மரம் விழுகிற சத்தத்தை எண்ணினா. அவ கேட்ட கேள்விக்கு முதல் நாளே ஒரு சொல்லில் பதில் சொல்லியிருந்தால், பதினொன்றும் நின்றிருக்கும். ஆகவே ஜன்னலுக்குப் போனால் முதலில் கேளுங்கள், யாருடைய ஜன்னல் என்று. பணக்காரர் முகம் சுளிக்கட்டும், கூட வருகிறவர் சிரிக்கட்டும். கயிறு உள்ளே இருக்கிறவரின் கைக்கு எட்டாத எந்த வேலையையும் செய்யாதீர்கள். முதலாளி சொன்னார் என்று என்னிடம் வந்து சொல்லாதீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

அன்றைக்கு சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஏணியை மடித்து, புறப்படப் போனேன். அவ எனக்கு நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்லவேண்டும்? துணி மறுபடி இறங்கியிருந்தது. அவவே இறக்கியிருந்தா. அதற்குப் பின்னால் இருந்து, முதல் நாள் கேட்ட அதே கடைக்குரல் வந்தது.

"நானா, போகாதீங்க. மழை வந்தா நீங்க போட்ட ஓட்டையால தண்ணி வரும். அதை ஆரு அடைப்பா?"

"ஓம், தங்கச்சி," என்றேன். ஏணியை மறுபடி விரித்தேன்.